பந்து இல்லாத எட்டு மாதம்

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை இரவு. டெட்ராய்ட் நகரின் நடுவே போட்டிருந்த பெரிய மேடையில் அடுத்தடுத்து மூன்று பெயர்களை வாசித்தார்கள். 83-வது தேர்வு, பிளேக் கோரம், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு. 84, ரோமன் வில்சன், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். 85, ஸாக் ஸின்டர், கிளீவ்லாந்து பிரவுன்ஸ். மூவருமே மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கி எடுக்கும் அந்த மூன்று நாள் 'டிராஃப்ட்' முடிவதற்குள் மிச்சிகனில் இருந்து மொத்தம் 13 பேர் போயிருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம்.

பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர், டெட்ராய்ட்டில் இருந்து முக்கால் மணி நேரக் கார் பயணம். அதனால் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள். தட்டும்போதே மனசுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது: நம்ம பையன் பெரிய ஆட்டத்துக்குப் போகிறான், நம்ம அணியில் ஒரு இடம் காலி. அடுத்தவன் போகிறான், இரண்டு இடம் காலி.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதன் அளவைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 'காலேஜ் பசங்க விளையாடுறதுதானே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்டம். 2020 கணக்கெடுப்புப்படி ஆன் ஆர்பரின் மக்கள்தொகை 1,23,851. அங்கே உள்ள மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1927-ல் கட்டிய இந்த மைதானம்தான் இன்றைக்கும் அமெரிக்காவிலேயே பெரியது. 1975 நவம்பரில் இருந்து, கொரோனா ஆண்டைத் தவிர்த்தால், அங்கே நடந்த எந்த ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்குக் குறைந்து கூட்டம் வந்ததில்லை. ஆடுகிறவர்களோ அதே வளாகத்தில் வகுப்புக்குப் போகும் மாணவர்கள்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு எத்தனை நாளைக்கு? ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிக்குள் 12 ஆட்டம். நன்றாக ஆடினால் டிசம்பர், ஜனவரியில் இன்னும் இரண்டு மூன்று. உள்ளூரில் ஏழெட்டு சனிக்கிழமை, அத்தோடு சரி. டெஸ்ட் முடிந்தால் ஒருநாள், அது முடிந்தால் ஐ.பி.எல். என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் இருந்து வந்தவனுக்கு முதலில் இது பிடிபடவில்லை. முதுகலை படிக்கப் போய், பிறகு டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலையில் ஒட்டிக்கொண்ட எத்தனையோ தமிழர்களில் நானும் ஒருவன். மற்ற எட்டு மாதம் இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். அந்த எட்டு மாதத்தில்தான் ரசிகன் அதிகம் உழைக்கிறான் என்பது போகப்போகத் தெரிந்தது. யார் வருகிறான், யார் போகிறான், யாருக்கு எவ்வளவு, புது வாத்தியார் தேறுவாரா என்று ஒரு நாள் ஓய்வில்லை. அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண் என்பதற்கு 2024-ஐ விட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

பதினாறே நாள்

2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வென்று மிச்சிகன் தேசிய சாம்பியன் ஆனது. 15 ஆட்டம், 15 வெற்றி. 1997-க்குப் பிறகு முதல் பட்டம். அந்த 1997 பட்டத்தையும் நெப்ராஸ்காவோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் ஆன் ஆர்பரில் கடுங்குளிரில் ஊர்வலம் நடந்தது. மக்காச்சோள மஞ்சளும் கருநீலமும் போர்த்திய கூட்டம் உறைந்துபோன கைகளைத் தட்டிக்கொண்டே நின்றது.

அதற்கப்புறம் எங்கள் அணி கல்யாணம் முடிந்த வீடாகிவிட்டது. பந்தல் இருக்கிறது, வாழைமரம் இருக்கிறது, ஆட்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

முதலில் கிளம்பியது பயிற்சியாளர் ஜிம் ஹார்பா. எண்பதுகளில் இதே அணிக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 2014 டிசம்பர் கடைசியில் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். தெற்கே ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் ஜென்ம விரோதி ஒஹையோ ஸ்டேட்டிடம் முதல் ஐந்து முறையும் தோற்றார். 2020-ல் ஆறு ஆட்டத்தில் நான்கு தோல்வி. சம்பளத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன மாயமோ, 2021, 2022, 2023 என்று மூன்று வருஷம் வரிசையாக ஒஹையோவை மண்ணைக் கவ்வவைத்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஏதாவது ஒரு அணியோடு பேச்சுவார்த்தை நடத்துவதும், எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுத் திரும்பி வருவதும் அவர் வழக்கம். 2022-ல் மின்னசோட்டா, 2023-ல் டென்வர். 2024 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குப் போனவர் திரும்பவில்லை. பட்டம் வென்று 16 நாள்தான் ஆகியிருந்தது. தற்காப்பு ஆட்டத்தை வகுத்த ஜெஸ்ஸி மின்டரும், பையன்களின் உடம்பைத் தேற்றிய பென் ஹெர்பர்ட்டும் அவரோடு போனார்கள்.

எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. ஜனவரி 10 அன்று அலபாமாவின் நிக் சேபன் ஓய்வு அறிவித்தார். அலபாமா இரண்டே நாளில் வாஷிங்டனின் கேலன் டிபோரைத் தூக்கியது. அதாவது, எங்களிடம் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி நான்காம் நாள் வாத்தியாரை இழந்தது. வாஷிங்டன் தன் பங்குக்கு அரிசோனாவின் வாத்தியாரை அழைத்துவந்தது. அரிசோனா இன்னொரு வாசலில் போய் நின்றது.

ஹார்பா கிளம்பிய அன்றிரவு, ஒஹையோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸில் இருந்து நண்பன் கூப்பிட்டான். கிண்டியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாங்கள். மேற்படிப்புக்கு அவன் ஒஹையோ ஸ்டேட், நான் மிச்சிகன். வருஷத்தில் 364 நாள் சிநேகிதம்.

"மச்சி, டவுன்ஸ் வந்தாச்சு, ஜட்கின்ஸ் வந்தாச்சு. உங்க வாத்தியார் கிளம்பியாச்சு."

"கோப்பை எங்ககிட்ட இருக்குடா."

"அது போன சீசன். இந்த சீசனுக்கு என்ன இருக்கு சொல்லு?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒஹையோ ஸ்டேட் கடை வீதிக்கே போய்ச் சாமான் வாங்கியது. அலபாமாவில் இருந்து தற்காப்பு நட்சத்திரம் கேலப் டவுன்ஸ், மிசிசிப்பியில் இருந்து குவின்ஷான் ஜட்கின்ஸ், கான்சாஸ் ஸ்டேட்டில் இருந்து குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட். யு.சி.எல்.ஏ.வின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி அந்தப் பதவியையே விட்டுவிட்டு இங்கே உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். அணிக்குச் செலவு சுமார் 20 மில்லியன் டாலர் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் ராஸ் பியோர்க் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார்.

ஜன்னல் திறந்திருந்த 30 நாள்

பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு உரையாடலே நடந்திருக்காது. கல்லூரி மாறுகிற மாணவன் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பது விதி. படிப்புச் செலவு, சாப்பாடு, அறை தவிர ஒரு காசு வாங்கக் கூடாது. மைதானத்தில் லட்சம் பேர், தொலைக்காட்சியில் கோடி கோடியாகப் பணம், பயிற்சியாளருக்கு மில்லியன் கணக்கில் சம்பளம். ஆடுகிறவனுக்கு மட்டும் 'மாணவன்' என்ற கௌரவம். 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. வேறு கல்லூரிக்குப் போக விரும்புகிறவன் தன் பெயரை அதில் பதிந்தால் போதும். 2021-ல் ஒருமுறை மாறுகிறவன் உட்காரத் தேவையில்லை என்றார்கள். அதே ஆண்டு ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பத்தாம் நாள், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று மிச்சமிருந்த கதவையும் திறந்துவிட்டார்கள்.

இதைக் கேட்டுப் பழைய ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். விசுவாசம் போச்சாம், கல்லூரி மானம் போச்சாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 60 வயது ஹார்பா பட்டம் வென்ற 16-ம் நாள் வேறு வேலைக்குப் போகலாம் என்றால், 20 வயதுப் பையன் ஏன் போகக் கூடாது? என் மனத்தாங்கல் எல்லாம் காலண்டரோடுதான். 2024-ல் பிளே-ஆஃப் ஆட்டங்கள் நடந்த அதே டிசம்பரில் போர்ட்டலையும் திறந்துவைத்தார்கள். ஒரு கையில் கோப்பைக்கான ஆட்டம், இன்னொரு கையில் பெட்டி படுக்கை. எந்தத் தொழிலில் இப்படி நடத்துவார்கள்?

தலைமைப் பயிற்சியாளர் விலகினால் அந்த அணியின் வீரர்கள் போர்ட்டலில் பதியத் தனியாக 30 நாள் ஜன்னல் திறக்கும் என்பது அப்போதைய விதி. ஹார்பா போன மறுநிமிஷம் எங்களுக்கு அது திறந்தது. அந்த ஒரு மாதம் காலையில் கண் விழித்ததும் கை ஃபோனைத் தேடும். சேஃப்டி கியான் சாப் அலபாமா போனான். அடுத்து யார்? கார்னர்பேக் வில் ஜான்சன் போவானா? முன்வரிசைத் தூண்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும்? டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லாண்ட்? இவர்களில் யாருக்கும் எந்தக் கல்லூரியும் கேட்ட விலை கொடுத்திருக்கும். ஒருவரும் போகவில்லை. அதைச் சாதித்ததில் பெரும்பங்கு ஷெரோன் மூருக்கு. உதவிப் பயிற்சியாளராக இருந்தவரை ஜனவரி 26 அன்றே தலைமைப் பதவியில் உட்காரவைத்தார்கள். மிச்சிகன் ஃபுட்பாலுக்கு முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். 2023 நவம்பரில் ஹார்பா மீது தடை விழுந்தபோது பென் ஸ்டேட்டை எதிர்த்து அணியை நடத்தி வென்று, கேமரா முன்னால் தேம்பித் தேம்பி அழுதாரே, அவர்தான். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் கணக்கில் சேர்ந்த பாஸ் ஒன்றுகூடக் கிடையாது. பந்தைக் கையில் கொடுத்து ஓடு, ஓடு, ஓடு.

ரசிகர்களின் பணத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதற்கு முந்தைய குளிர்காலத்தில், மூத்த வீரர்கள் டிராஃப்டுக்குப் போகாமல் தங்குவதற்காக 'இன்னும் ஒரு வருஷம்' என்ற பெயரில் நிதி திரட்டினார்கள். கோரம் தங்கினான், 2023-ல் பந்தோடு எல்லையைத் தொடும் டச்டவுன் 27 முறை ஓடிப் பல்கலைக்கழகச் சாதனை படைத்தான். ஸின்டரும் தங்கினான், ஒஹையோ ஆட்டத்தில் கால் முறிந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு அடுத்த நகர்விலேயே கோரம் 22 யார்டு ஓடி எல்லையைத் தொட்டதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொடுத்த காசுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் வேடிக்கையைப் பாருங்கள். டிக்கெட்டுக்குக் காசு, நன்கொடை, அப்புறம் வீரனைப் பிடித்துவைக்கவும் ரசிகனே காசு தர வேண்டியிருந்தது. தொலைக்காட்சிப் பணத்தைத் தொடாமல்.

எல்லாரும் பார்த்த வாசல்

பிப்ரவரியில் இருந்து ஆகஸ்ட் வரை மிச்சிகன் ரசிகர்கள் பேசியது ஒரே விஷயம்தான்: குவார்ட்டர்பேக் யார்? ஜே.ஜே. மெக்கார்த்தி டிராஃப்டில் 10-வது ஆளாக மின்னசோட்டா போய்விட்டான். போர்ட்டலில் நல்ல ஆளைப் பிடியுங்கள் என்று ஊரே கத்தியது. மூர் பிடிக்கவில்லை. இருக்கிறவர்களில் ஓட்டக்காரன் அலெக்ஸ் ஓர்ஜி, காயத்தில் இருந்து மீளாத ஜாக் டட்டில், டேவிஸ் வாரன்.

வாரனைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும். பள்ளியில் படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் வந்து மீண்ட பையன். ஸ்காலர்ஷிப் கொடுத்து யாரும் கூப்பிடவில்லை. 'வாக்-ஆன்' என்பார்கள், தன் செலவில் படித்துக்கொண்டு, இடம் கிடைத்தால் ஆடலாம் என்று வந்து சேர்கிறவன். லட்சம் பேர் பார்க்கும் அணிக்கு அப்படி ஒருவன் குவார்ட்டர்பேக் ஆவதா என்று முகம் சுளித்தவர்களே அதிகம். ஏப்ரல் 20 அன்று நடந்த ஸ்பிரிங் கேமில் அணியை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள். அணிகளின் பெயரே மேஸ், ப்ளூ. வந்தவர்கள் ஒவ்வொரு எறிதலையும் எடை போட்டார்கள். உதைப்பவர்கள் மைதானத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போனார்கள்.

இதற்கு நடுவே சைகைத் திருட்டு விவகாரம் வேறு. மைதான ஓரத்தில் இருந்து பயிற்சியாளர்கள் கையசைவிலும் படப் பலகையிலும் அடுத்த நகர்வைச் சொல்வார்கள். ஆட்டத்தின்போது எதிரணியின் சைகையைக் கண்ணால் பார்த்து ஊகிப்பது தப்பில்லை. அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பி உளவு பார்ப்பது 1994-ல் இருந்தே தடை. மிச்சிகன் ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸ் டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஆள் அனுப்பி, சைகைகளை ஃபோனில் படம் பிடிக்கவைத்தார் என்பது குற்றச்சாட்டு. 2023 நவம்பரில் அவர் விலகினார். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் ஹார்பா; அவர் மீது தடை விழுந்தது இதனால்தான். ஸ்டாலியன்ஸ் போன பிறகுதான் பென் ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட், அலபாமா, வாஷிங்டன் நான்கையும் வென்றோம் என்று எங்கள் ஆட்கள் வாதாடுவார்கள். உண்மைதான். அதனால் நடந்தது நடக்காததாகிவிடாது. ஜெயிக்கத் தெரிந்த அணிக்கு இந்த அசிங்கம் எதற்கு என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த ஏப்ரலில்தான் என்.சி.ஏ.ஏ.வுக்கு ஞானோதயம் வந்தது. இனிமேல் களத்தில் இருக்கும் ஒரு வீரனின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைக்கலாம். பயிற்சியாளர் நேரடியாகப் பேசலாம். என்.எஃப்.எல். இதை 1994-லேயே செய்துவிட்டது. உளவுக்குத் தடை போட்ட அதே வருஷம் ரேடியோவையும் அனுமதித்திருந்தால் திருடுவதற்குச் சைகையே இருந்திருக்காது.

ஜூலை 19-ம் தேதி வீடியோ கேம் வந்தது. கடைசியாக ஒரு கல்லூரி ஃபுட்பால் கேம் வந்து 11 வருஷம் ஆகியிருந்தது. தங்கள் உருவத்தை அனுமதியில்லாமல் விற்கிறார்கள் என்று யு.சி.எல்.ஏ.வின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் தொடுத்த வழக்கில் 2013-க்குப் பிறகு அது நின்றுபோயிருந்தது. இப்போது சம்மதித்த ஒவ்வொரு வீரனுக்கும் 600 டாலரும் ஒரு பிரதியும். அட்டைப்படத்தில் இருந்த மூவரில் எங்கள் டோனவன் எட்வர்ட்ஸும் ஒருவன்! என் மகன் அந்த வாரம் முழுக்க மிச்சிகன் அணியை எடுத்து ஆடினான்.

"அப்பா, நம்ம டீம்ல பாஸ் போடவே ஆள் இல்லப்பா."

"கிரவுண்ட்ல போய்ச் சொல்லு."

நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு கடக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. நான்காவது முயற்சிக்கு வந்தால், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது புத்திசாலித்தனம். அதற்கென்றே கிக்கர் இருக்கிறான். என் மகன் ஒரு தடவைகூட அவனைக் களத்துக்குக் கூப்பிடவில்லை. எவ்வளவு தூரம் இருந்தாலும் எட்வர்ட்ஸிடம் பந்தைக் கொடுத்து ஓடவிடுவான்.

ஆகஸ்டில் பத்திரிகையாளர்களின் தரவரிசை வந்தது. ஒஹையோ ஸ்டேட் 2, மிச்சிகன் 9, ஃபுளோரிடா ஸ்டேட் 10. இதையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சண்டை போட்டோம். அந்தப் பத்தாம் இடத்து ஃபுளோரிடா ஸ்டேட் 12 ஆட்டத்தில் இரண்டில் மட்டும் ஜெயித்தது. பட்டியலிலேயே இல்லாத இண்டியானா, ஜேம்ஸ் மேடிசனில் இருந்து புது வாத்தியாரும் அவருடைய பழைய பிள்ளைகளில் பத்துக்கு மேற்பட்டவர்களும் வந்திறங்க, 11 ஆட்டம் ஜெயித்து பிளே-ஆஃப் போனது. போகிற வழியில் எங்களையும் 20-15 என்று தட்டிவிட்டுப் போனது.

உதைக்க வந்தவன்

சீசனை விரிவாகச் சொல்ல மனமில்லை. இரண்டாம் ஆட்டத்திலேயே டெக்ஸஸ் எங்கள் மண்ணில் 31-12 என்று உரித்தது. குவார்ட்டர்பேக் இடத்தில் முதலில் வாரன், பிறகு ஓர்ஜி, பிறகு டட்டில், திரும்பவும் வாரன். சதர்ன் கலிஃபோர்னியாவை 27-24 என்று வென்ற நாளில் எறிந்து கடந்த மொத்தத் தூரம் 32 யார்டு. ஊர் சொன்னது அந்த மட்டில் சரிதான். எறிய ஆள் இல்லை.

நவம்பர் 30, கொலம்பஸ். ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு போய் இறங்கிய எங்களை ஒஹையோ ஸ்டேட் மூன்று டச்டவுன் வித்தியாசத்தில் நசுக்கும் என்பது பந்தயக்காரர்களின் கணிப்பு. வாரன் அன்றைக்கு எறிந்து சேர்த்தது 62 யார்டு; இரண்டு பந்தை எதிரி கையில் கொடுத்தான். அட்டைப்பட நாயகன் எட்வர்ட்ஸ் அன்றைய கதையில் இல்லை. லைன்பேக்கராக வந்து ரன்னிங் பேக்காக மாறிய கேலல் மல்லிங்ஸ் முட்டி மோதி 116 யார்டு ஓடினான். கிரஹாமும் கிராண்டும் நடுவில் சுவராக நின்றார்கள். 10-10. ஒஹையோவின் கிக்கர் 34 யார்டிலும் 38 யார்டிலும் உதைத்த இரண்டும் கம்பத்துக்கு வெளியே போயின. எங்கள் கிக்கர் முதல் பாதியிலேயே 54 யார்டில் இருந்து ஒன்றைப் போட்டிருந்தான். கடைசியில் 45 விநாடி மிச்சமிருக்கும்போது 21 யார்டில் இருந்து இன்னொன்று. 13-10.

அவன் பெயர் டொமினிக் ஸ்வாடா. ஆர்கன்ஸா ஸ்டேட்டில் இருந்து அந்த ஆஃப் சீசனில் போர்ட்டல் வழியாக வந்தவன். அவன் வந்த செய்தியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. எட்டு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருந்தான். அந்த சீசனில் 22 முறை உதைத்ததில் 21 உள்ளே போயின. 50 யார்டுக்கு மேற்பட்ட ஏழும் அதில் அடக்கம். 20 மில்லியன் டாலர் அணியை வீழ்த்தியது, போக்கிடம் இல்லாத ஒரு வாக்-ஆன் குவார்ட்டர்பேக்கும், பாப்கார்ன் வாங்கும் நேரத்தில் வந்துபோகும் ஒரு கிக்கரும்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் பையன்கள் கொலம்பஸ் மைதானத்தின் நடுவில் கொடியை நடப் போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. அந்தக் கொடி வேலை தேவையில்லாதது. ஜெயித்தவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே.

நண்பன் அன்றைக்குக் கூப்பிடவில்லை. ஜனவரி 20 அன்று கூப்பிட்டான். அவனுடைய ஒஹையோ ஸ்டேட், 12 அணிகளாக விரிந்திருந்த புது பிளே-ஆஃபில் நான்கு ஆட்டம் வரிசையாக வென்று, நோட்ர டேமை 34-23 என்று முடித்துத் தேசியப் பட்டம் வாங்கியிருந்தது. டவுன்ஸ், ஜட்கின்ஸ், ஹோவர்ட், கெல்லி, வாங்கிய சாமான் எல்லாம் வேலைக்கு ஆகியிருந்தது.

"பார்த்தியாடா, காசு ஜெயிச்சுது."

"எங்ககிட்ட ஜெயிக்கலையே."

"அது ஒண்ணுதான் மச்சி உறுத்துது. கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டே உறுத்துது."

ஆக, பணம் கொடுத்து வாங்குவது வீண் என்று நான் சொல்லவில்லை. பணம் நான்கு ஆட்டத்துக்குப் பலித்தது. ஒரு சனிக்கிழமைக்குப் பலிக்கவில்லை. பலிக்காமல் போகும் அந்தச் சனிக்கிழமை எது, அன்றைக்குக் கை கொடுக்கப்போவது யார் என்பது மட்டும் ஜூன் மாதத்தில் யாருக்கும் தெரியாது.

105

2025 ஜூலை வந்தது. பேச்சு மறுபடியும் குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான். ஆன் ஆர்பரில் இருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் பெல்வில் ஊர்ப் பையன் பிரைஸ் அண்டர்வுட், நாட்டிலேயே முதல் இடத்தில் வைத்துப் பார்க்கப்பட்ட பள்ளி வீரன். லூசியானாவின் எல்.எஸ்.யு.வுக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தவன் 2024 நவம்பர் 21 அன்று மனசு மாறி எங்கள் பக்கம் வந்தான். மனசை மாற்றியது பல மில்லியன் டாலர் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. எங்கள் ஊர்ப் பையன் எங்கள் ஊரிலேயே ஆடுகிறான் என்பதில் எனக்குச் சந்தோஷம். எவ்வளவு வாங்கினான் என்பது அவனுக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் உள்ள விஷயம்.

நான் கவனித்தது வேறு ஒன்றை. ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஜூலை 1 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை. ரொம்பத் தாமதமாக வந்த நியாயம். அதோடு இன்னொரு விதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவரை 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப். ஆனால் வாக்-ஆன்களைச் சேர்த்து 120, 130 பேர்கூட அணியில் இருக்கலாம். இனி ஸ்காலர்ஷிப்புக்கு வரம்பு இல்லை. ஆனால் ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் கூடாது. வெளியே தள்ளப்படுபவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரலிலேயே முடிந்திருக்க வேண்டிய சமரசம் ஜூன் வரை இழுத்ததற்குக் காரணமே, இந்த வரம்பால் இடம் இழக்கும் பையன்களுக்கு வழி சொல்லுங்கள் என்று நீதிபதி பிடிவாதமாக நின்றதுதான். ஏற்கெனவே அணிகளில் இருந்தவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. இனிமேல் வரப்போகிறவர்களுக்குக் கிடையாது.

வாரன் டிசம்பர் 31 அன்று டாம்பாவில் அலபாமாவை எதிர்த்து ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினான். அந்த ஆட்டத்தையும் 19-13 என்று வென்றோம். 2025 ஜூலையில் அவன் இன்னும் அணியில் இருந்தான். ஆனால் 2028-ல் ஏதோ ஒரு ஊரில் இருந்து, யாரும் கூப்பிடாமல், தன் செலவில் வந்து நிற்கப்போகும் இன்னொரு பையனுக்கு 106-வது இடம் என்று ஒன்று இல்லை. அந்த மாதம் எங்கள் கூட்டத்தில் அதைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, "அதை விடுங்க அண்ணே, அண்டர்வுட் முதல் ஆட்டத்துலயே இறங்குவானா?" என்று கேட்டார் ஒரு தம்பி.

அந்த சீசனின் முதல் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 30, நியூ மெக்சிகோவோடு. அதற்கு அடுத்த வாரம் ஓக்லஹோமா, அவர்கள் ஊரில்.